ஏரிக்கரையில் வாழ்க்கைப்பட்ட அக்கா

எனக்கு இரண்டு அக்காமார். ஒருத்தி பொம்மிடியில் வாழ்க்கைப்பட்டாள். இன்னொருத்தி எங்கள் ஊர் ஏரிக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டாள். பொம்மிடி அக்கா என் அம்மா வயிற்றில் பிறந்தவள். ஏரிக்கரை அக்கா ஒரு வேப்பமரம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவள் கல்யாணத்தில் தாம்பாளம் ஏந்தி முன்னால் நடந்தவள் நான். கூரைச் சேலை கட்டி, மாலை போட்டு, மேளம் கொட்டி, மூன்று முடிச்சுப் போட்டுத்தான் அவளைக் கொடுத்தோம். பொம்மிடி அக்கா கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வரவில்லை.

அவளைக் கொடுத்தது என் சின்னம்மா. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. என் அப்பாவின் தம்பிக்கே அவளைக் கட்டிக் கொடுத்திருந்ததால் எங்களுக்கெல்லாம் ஒரே வாசல், இரண்டு அடுப்பு. எங்கள் அடுப்பில் களி கிண்டினால் சட்டியைச் சுற்றித் தட்டுகள் வந்து விழும். சின்னம்மா அடுப்பில் அவளுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும்தான். அதனால் நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு பெரும்பாலும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே குழம்பு தாராளமாகக் கிடைக்கும் என்பது என் கணக்கு. நான் வந்து உட்கார்வது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்றெல்லாம் யோசிக்கிற வயசா அது?

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் சின்னம்மாவுக்கு வயிறு திறக்கவில்லை. அவள் வேண்டாத சாமி கிடையாது. முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துவிட்டாள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போய் முழுக்குப் போட்டாள். வேலைக்குக் கூட வருகிற கிறிஸ்தவ அம்மா ஒருவர் சொன்னார் என்று மாதா கோயிலுக்கும் மெழுகுவத்தி கொண்டுபோனாள். எல்லாம் ஒரே தாய்தானே என்பாள்.

பென்னாகரம் சாலையிலிருந்து பிரிந்து வந்தால் எங்கள் ஊர் ஏரி. கரை நெடுக அப்போது புங்கன், நாவல், உசிலை, இச்சி என்று யாரும் வைக்காமல் வளர்ந்த மரங்கள். மதகுக்குப் பக்கத்தில் நின்ற அரசமரம் மட்டும் வைத்து வளர்த்தது. மாவு மில்காரரின் அப்பா வைத்த மரம். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். இரண்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்கள். அந்த அரசின் காலடியில் ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்திருந்தது. சின்னம்மா வாழவந்த புதிதில் துணி துவைக்கப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறாள். ஆடு கடித்துவிடும் என்று முள் வெட்டிக் கொண்டுவந்து சுற்றி வைத்தாள். ஏரி வறண்ட கோடைகளில் கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து ஊற்றினாள்.

"காக்கா வாயில குடுத்து அனுப்பிச்சிருக்குது சாமி. அப்படியே வுட்ற முடியுமா?" என்பாள்.

எனக்கு விவரம் தெரிந்தபோது இரண்டு மரமும் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டதுபோல் நின்றன. கீழே நல்ல அடர்த்தியான நிழல். காட்டு வேலை முடித்து வந்து சின்னம்மா அங்கேதான் கூழ்ச்சட்டியை இறக்கி வைப்பாள். நான் அவள் மடியில் தலை வைத்து மேலே பார்ப்பேன். காற்றே இல்லாத மதியத்திலும் அரசிலைகள் மட்டும் சலசலவென்று பேசிக்கொண்டிருக்கும். வேம்பு பதில் சொல்லாது. வேப்பம்பழத்துக்கு மைனா வரும், அரசம்பழத்துக்குக் கிளி வரும், வேரோரம் எறும்பு சாரை போகும், பொந்திலிருந்து அணில் எட்டிப் பார்க்கும். ஒரு வீட்டுக்கு வேண்டிய சத்தமெல்லாம் அங்கே இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் சின்னம்மா அந்த அரசமரத்தைச் சுற்றுவாள். ஒருநாள் பக்கத்துத் தெருக்காரி துணி பிழிந்துகொண்டே கேட்டாள்.

"ஏம்மா, அரச மரத்தச் சுத்தி வந்து அடிவயித்தத் தொட்டுப் பாத்தாளாம்னு சொல்லுவாங்க. நீ தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. காலைல குடிச்ச கூழுதான் இருந்துச்சு" என்றாள் சின்னம்மா.

கரையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை சின்னம்மா என் கையை விடவில்லை. விரல்கள் வலித்தன.

இந்தப் பேச்சு மாரியம்மன் கோயில் பூசாரி காதுக்குப் போயிருக்கிறது. அவர் கோயில் வாசலில் வைத்து அவளிடம் சொன்னார்: "கலியாணம் ஆவாத மரத்தச் சுத்தினா எப்படிம்மா பலிக்கும்? ஒண்டிக்கட்டகிட்டப் போயி புள்ள வரம் கேக்கறீங்க. மொதல்ல அதுங்களுக்குக் கலியாணத்தப் பண்ணி வையுங்க. அப்புறம் சுத்துங்க, அப்புறம் கேளுங்க."

அன்றிலிருந்து சின்னம்மாவுக்கு அதே நினைப்பு. மரக்கல்யாணம் நடந்துவிட்டால் தனக்குப் பிள்ளை பிறந்துவிடும். இதில் அவளுக்கு ஒரு குன்றிமணி அளவும் சந்தேகம் இல்லை.

அது எண்பதுகளில் மழை ஏமாற்றிய வருஷம். ஏரிக்கரை மரங்களை எடுத்துவிட்டுத் தைல மரம் வைக்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. சீக்கிரம் வளருமாம், நேராக வளருமாம், ஆடு கடிக்காதாம். கேட்கிறபோது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பூசாரி மட்டும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "அந்த அரசும் வேம்பும் என்னாகும்? கலியாணமாவாத மரத்த வெட்டினா கேக்க ஆளில்ல. கலியாணம் பண்ணிட்டா அது குடும்பம். குடும்பத்த எவன் வெட்டுவான்?" என்று கேட்டார். சரி, மழையும் வரட்டும், மரமும் நிற்கட்டும், வைகாசியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் முடிவு செய்தது.

உடனே மாவு மில்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அரசு எங்கப்பா வெச்ச மரம். நாங்க மாப்பிள்ள வூடு."

அப்படியானால் பெண் வீடு யார்? பெண் வீடு என்றால் பந்தி போட வேண்டும், சீர் வைக்க வேண்டும், வந்தவர் போனவருக்கெல்லாம் கும்பிடு போட வேண்டும், அவர்கள் சொல்கிற குறையையெல்லாம் தலை குனிந்து கேட்க வேண்டும். பார்க்கப் பார்க்க ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் மில்காரரோடு ஏதோ ஒரு வழியில் பங்காளி முறை வந்துவிட்டது. எல்லாரும் மாப்பிள்ளை வீட்டார். பெண்ணுக்கு நாதியில்லை.

"பொதுவுல பண்ணிரலாமேப்பா" என்றார் ஊர்த் தலைவர்.

"அதெப்படீங்க?" என்றார் மில்காரர். "பெத்தவங்க பேரு வேணாமா? ஊரு பேரு தெரியாத எடத்துல எங்க பையனுக்குப் பொண்ணு எடுக்க மாட்டோங்க."

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எங்க வூட்டுப் பொண்ணுங்க அது. நாங்க குடுக்கறோம்."

சின்னம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஆண்கள் கூட்டத்தில் அவள் அதற்கு முன் வாய் திறந்ததில்லை. எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவரும் எழுந்தார், வாயைத் திறந்தார், சின்னம்மாவைப் பார்த்தார், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"புள்ளகுட்டி இல்லாதவ தார வாத்துக் குடுக்கலாமா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "முள்ளு வெச்சது யாரு? கொடஞ் சுமந்தது யாரு? அவதான் பெத்தவ. பேச்ச வுடுங்க."

அதற்கப்புறம் எங்கள் வாசல் கல்யாண வீடாகிவிட்டது. சின்னம்மா நடக்கிற நடையே மாறிவிட்டது. தெருவில் நாலு பேர் பார்க்க "ஐயோ, எனக்கு வேல தலைக்கு மேல கெடக்குது" என்று சொல்லிக்கொண்டு வேகமாகப் போவாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மரத்துக்கு மஞ்சள் பூசி நலங்கு வைத்தோம். பெட்டியிலிருந்து தன் கூரைச் சேலையையே எடுத்துவந்தாள்.

"ஏன்டி, உன் கலியாணச் சேலையவா கட்டப் போற?" என்றாள் அம்மா.

"அம்மா சேலதான்க்கா பொண்ணுக்கு."

மரம் பருத்திருந்தது. கட்டினால் கொசுவம் வைக்கத் துணி மிஞ்சவில்லை. சின்னம்மா இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்து, "என்னமா வளந்துட்டா!" என்றாள்.

கல்யாணத்தன்று பென்னாகரத்திலிருந்து மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், அதாவது எங்களைத் தவிர மொத்த ஊரும், பட்டு உடுத்திக்கொண்டு வந்தது. மில்காரரின் தங்கை பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொண்ணு கொஞ்சம் கறுப்புதான்."

"மாப்பிள்ளைக்கு மட்டும் என்னாங்க, ஒடம்பெல்லாம் எறும்புப் புத்து" என்றாள் சின்னம்மா.

மில்காரரின் வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நம்ம பையன் ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டான், பேசிட்டேதான் இருப்பான். உங்க பொண்ணு கசப்பு. ஜோடி சரியாத்தான் அமைஞ்சிருக்குது!"

பந்தியில் அரிசிச் சோறும் பாயசமும். களியும் கூழுமாகப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷத்தில் எங்களுக்கு அதுவே பெரிய திருவிழா. நடுவில் ஒரு சண்டை. தனக்கு முதலில் சந்தனம் நீட்டவில்லை என்று மில்காரரின் தங்கை முறுக்கிக்கொண்டு பந்தலுக்கு வெளியே வெயிலில் போய் நின்றாள். அவளோடு பாதி ஊரும் போய் நின்றது. முதல் நாள்தான் எங்கள் வீட்டில் முறம் இரவல் வாங்கிப் போனவள் அவள். சித்தப்பா போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "சம்பந்திங்க பெரிய மனசு பண்ணணும்" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்தில் வருத்தமே இல்லை. நாற்பது வயசுவரை யாரிடமும் அப்படிக் கும்பிடு போடும் பாக்கியம் தனக்கு இல்லையே என்றிருந்தவர்போல் மலர்ந்திருந்தார். அதுவும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும். சித்தப்பா பித்தளைக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் அரசின் வேரில் ஊற்றினார். அந்தக் காய்ச்சலில் மண் அதை நொடியில் உறிஞ்சியது. பூசாரி தாலியை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளைக்காக மில்காரர் வாங்கி வேம்புக்குக் கட்டினார். கெட்டி மேளம்.

எல்லாம் முடிந்து பெண்ணை ஒப்படைக்கிற நேரம். சின்னம்மா வேம்பின் தாழ்ந்த கொப்பு ஒன்றை மெதுவாக வளைத்து, கொழுந்தை மில்காரர் வீட்டம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணுந் தெரியாத பொண்ணுங்க. வாய் பேசாது. தண்ணி வேணும்னுகூடக் கேக்காது. நீங்கதான் பாத்துக்கணும்."

அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். "நம்ம மகளாட்டம் பாத்துக்கறேன், அழுவாதீங்க" என்றார்.

ஊர்வலம் திரும்பியது. பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். நாங்கள்தான் விட்டுவிட்டு வந்தோம். சின்னம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆடி பிறந்ததும் கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள். கரையின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து இச்சி, உசிலை, நாவல் என்று வரிசையாகச் சாய்த்துக்கொண்டே மதகுக்கு வந்தார்கள். மில்காரர் தலையெல்லாம் மாவோடு மில்லிலிருந்து அப்படியே ஓடிவந்தார்.

"எங்கப்பா வர்றீங்க? எங்க வூட்டு மருமக நிக்கறா. கழுத்துல தாலி தெரியல?"

வந்தவர்கள் தாலியைப் பார்த்தார்கள், மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள்.

நாவலுக்கும் புங்கனுக்கும் யாராவது கல்யாணம் பண்ணி வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தைல மரங்கள் சொன்னபடியே சீக்கிரமாகவும் நேராகவும் வளர்ந்தன. ஆடும் கடிக்கவில்லை, குருவியும் உட்காரவில்லை. நிழல் கேட்டால் கோடு கோடாகத் தரும். கரையோரக் கிணறுகளில் கயிறு வருஷத்துக்கு வருஷம் நீண்டது. நாவல் பழம் உதிர்கிற மாசத்தில் கரை முழுக்க எழுகிற அந்தப் புளித்த வாசனையை என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. மதகடியில் அந்த ஜோடி மட்டும் இன்றும் நிற்கிறது. ஊரின் கிளியெல்லாம் அங்கேதான். சின்னம்மாதான் இல்லை. கடைசிவரை அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பார்கள். ஆனால் அவள் போன அன்று மாவு மில்காரர் வீட்டார் சம்பந்தி முறையில் கோடித் துணி எடுத்துக்கொண்டு மேளத்தோடு வந்தார்கள். யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது இன்றும் என் கை அவள் விரல்களைத் தேடுகிறது.

நான் சொல்ல வந்தது அந்த ஆடி மாசத்தில் நடந்ததை.

கல்யாணமான மரம் ஆகிவிட்டதல்லவா, வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சுற்ற வந்தார்கள். மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினார்கள். அம்மாவும் சின்னம்மாவுக்காக ஒரு துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்துக் கொடுத்தாள். சின்னம்மா வாங்கிக்கொண்டு போவாள். அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். அது மட்டுமல்ல, மரத்தடியில் உட்காருவதையே விட்டுவிட்டாள். கரையில் வேறு நிழலே இல்லாமல் போயிருந்த நேரம். ஆடும் மாடும் ஆளும் அங்கேதான் ஒதுங்கின. சின்னம்மா மட்டும் நிழலுக்கு வெளியே, வெயிலில் முக்காடு போட்டு உட்கார்ந்து கூழ் குடித்தாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குடி இவ்ளோ பாடுபட்டுக் கலியாணம் பண்ணின? போயி சுத்தி வாடி!"

"எப்படிக்கா? பொண்ணக் குடுத்த வூட்ல போயி கையேந்தச் சொல்றியா?"

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். மகள் ஒரு பிள்ளை பெறும்வரை அங்கே தண்ணீர் குடிக்கவும் யோசிப்பார்கள். கொண்டுபோனதைக் கொடுத்துவிட்டு, வாசலோடு பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒன்று கேட்பது என்ற பேச்சே கிடையாது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெற்றவர்கள்தானே கேட்கக் கூடாது? அக்கா வீட்டுக்குத் தங்கச்சி போகலாமே. பொம்மிடி அக்கா வீட்டுக்குப் போனால் நான் கேட்டதெல்லாம் வாங்கித்தானே வருகிறேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நான் தனியாகப் போனேன். எத்தனை சுற்று என்று தெரியாததால் தலை கிறுகிறுக்கும்வரை சுற்றினேன். "அக்கா, சின்னம்மாவுக்குப் பாப்பா குடு. மாமா, நீயும் சொல்லு" என்று சத்தமாகவே கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் சின்னம்மா இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். நிழலுக்கு வெளியேதான்.

"என்ன கண்ணு கேட்ட?"

"உனக்குப் பாப்பா."

அவள் வெயிலில் நின்றபடியே கையை நீட்டி என்னை அழைத்துத் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இனிமே அவகிட்ட அதெல்லாம் கேக்காத கண்ணு. புதுசா வாழப் போன புள்ள. இந்த வெட்டு வேற பாத்துப் பயந்திருப்பா. அவளுக்கே ஆயிரம் இருக்கும். நாம வேற பாரத்த ஏத்தலாமா?"

"அப்ப உனக்குப் பாப்பா?"

சின்னம்மா சிரித்தாள். குடத்தை இறக்கி, சொம்பில் தண்ணீர் மொண்டு என்னிடம் கொடுத்தாள். "உங்கக்காவுக்கு ஊத்திட்டு வா. அம்மா வந்திருக்குதுன்னு சொல்லு."

நான் ஊற்றினேன். சொன்னேன். ஆனால் மனசு ஆறவில்லை. இவ்வளவு சுற்றியும் வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம். வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சின்னம்மாவுக்குப் பாப்பா வேணாமாம்!"

அம்மா கையிலிருந்த கோல் நின்றுவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டுவாள் என்று பயந்து நான் வெளியே ஓடிவிட்டேன்.